அவரை ஜன்னலோரமா உக்கார வைங்க தம்பி

எங்க ஊட்டுல புருசனும் பொண்டாட்டியும் நேருக்கு நேராப் பேசிக்கற வழக்கமே கெடையாதுங்க. சண்டைன்னு நெனச்சுப்போடாதீங்க. சண்டை போடறவங்களாச்சும் நாலு வார்த்தை பேசிக்குவாங்க. எங்களுக்கு அது வரலை, அவ்வளவுதான்.

சோமனூர்ல தறி ஓட்டற ஊடு எங்களது. படுக்கற ரூமுக்கு அடுத்த செவுரு தறி குடோன். பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டுன்னு தறி ஓடிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துல சமையக்கட்டுல இருந்து கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்? அதனால என்ற ஊட்டுக்காரி பொண்ணைத்தான் அனுப்புவா. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பொண்ணுதான். அது ஓடி வந்து என்ற வேட்டியப் புடிச்சு இழுக்கும், வாய்கிட்டக் கையக் கொண்டுபோயி சாப்பிடற மாதிரி காட்டும். நான் இன்னும் சித்த நேரம் ஆகும்னு கையிலயே சொல்லி அனுப்பிப்போடுவேன். அப்படி ஆரம்பிச்ச பழக்கமுங்க. அப்பறம் கரண்ட் இல்லாத நாள்லயும் அதே கதைதான். எதுக்க எதுக்க உக்காந்திருப்போம். "ஏங் கண்ணு, அப்பாகிட்டச் சொல்லு, அரிசி தீந்துபோச்சுன்னு" அப்படிம்பா. "நாளைக்கு வருதுன்னு அம்மாகிட்டச் சொல்லு" அப்படிம்பேன் நானு. நடுவுல அந்தப் புள்ள தலையத் தூக்காம வீட்டுப்பாடம் எழுதிட்டிருக்கும். அது வாயத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல, ரெண்டு பேருக்கும் அதுக்குள்ள கேட்டிருக்குமே.

பொண்ணு ஆஸ்டலுக்குப் போனப்பறம் இவ எங்க ஊட்டு நாய்கிட்டச் சொல்லுவா. நெசமாலுமுங்க. "டேய், உங்கய்யன் மாத்திரை போட்டாரான்னு கேளு." நாயும் தலையச் சாச்சு என்னையப் பாக்கும். "போட்டாச்சுன்னு சொல்லு" அப்படிம்பேன். ஒரம்பரைக்கு வந்த சொந்தக்காரங்க உழுந்து உழுந்து சிரிப்பாங்க. எங்களுக்கு அது சிரிப்பாவே தெரியலை. நாய் செத்தப்பறம் டிவியப் பாத்துச் சொல்லிட்டிருந்தா.

பொண்ணு கண்ணாலம் முடிஞ்சு மெல்போர்ன் போச்சு. அது மாசமானப்ப ஒத்தாசைக்கு என்ற ஊட்டுக்காரி கெளம்புனா. ஏர்போர்ட்டுல நிக்கறப்ப, போன்ல பொண்ணு லைன்ல இருந்துச்சு. "ஆறு மாசத்துல வந்துருவேன்னு அப்பாகிட்டச் சொல்லு கண்ணு" அப்படின்னா. நான் பக்கத்துல தான் பொட்டியத் தள்ளிட்டு நின்னேன். "சரீன்னு சொல்லு" அப்படின்னேன். அவ்வளவுதான், உள்ள போயிட்டா.

ஆறு மாசம் ஒரு வருசமாச்சு. கொழந்தைக்குப் பல்லு மொளைக்குது, நடை பழகுது, சளி புடிச்சிருக்குதுன்னு ஒவ்வொன்னுக்கும் ஒரு காரணம். ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. நடுவுல நானும் ஒருக்கா போய்ப் பாத்தேன். குளுருன்னா குளுரு, அப்படியொரு குளுரு. பொழுதோட ரோட்டுல ஒரு மனுசன் இல்ல, நின்னு நாலு வார்த்தை நாயம் பேச ஒரு பேக்கரி இல்ல. நமக்கு ஆகாதுடா சாமின்னு திரும்பி வந்துட்டேன். தறியவும் வித்துப்போட்டேன். அதுல எனக்கு ஒரு வெசனமும் இல்லீங்க, விட்டுதடா சனியன்னுதான் இருந்துச்சு. ஆனா தறி நின்னப்பறம் தான் ஊடு எப்படிக் கெடக்குதுன்னு தெரிஞ்சுது. என்ற காது தறியிலயே பாதி போன காது. அந்தக் காதுக்கே பிரிட்ஜ் உறுமறது கேக்குதுன்னா பாத்துக்குங்க.

தனியா உக்காந்து சோறு திங்கற கெரகத்த எதிரிக்கும் குடுக்கக் கூடாதுங்க. எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கவே வரலை. எத்தன அளந்து போட்டாலும் மிச்சமாயிரும். மிச்சத்த அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு ஊத்திட்டு வருவேன். போற வழியில யாராச்சும் புடிச்சுக்குவாங்க. "ஏனுங்க, அம்மிணி எப்ப வாராங்க?" "அடுத்த மாசமுங்க." ரெண்டு வருசமா எனக்கு எல்லா மாசமும் அடுத்த மாசந்தான். வீடியோ கால்ல வருவா, கொழந்தையக் காட்டுவா. "தாத்தாவ உண்டாச்சான்னு கேளு சாமி" அப்படிம்பா. அது மழலையில என்னமோ கத்தும். "உண்டாச்சுன்னு அம்மாயிகிட்டச் சொல்லு" அப்படிம்பேன்.

போன வருசம் ஒரு ஞாயித்துக்கெழமை பொண்ணு மட்டும் தனியாக் கூப்பிட்டுச்சு. "அப்பா, அம்மா இங்கயே இருந்துக்கட்டும். நிரந்தரமா இருக்கறதுக்கு விசா போடலாம்னு இருக்கோம். நீங்களும் வந்துருங்க." எனக்கு பொக்குனு போயிருச்சுங்க. "அம்மா என்ன சொல்றா?" "அம்மா ஒன்னும் சொல்லலைப்பா." அவ ஒன்னும் சொல்லலீன்னா எங்க ஊட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். யாராச்சும் நடுவுல வந்து சொல்லோணும்னு காத்திருக்கறா. அந்த விசா கைக்கு வந்துருச்சுன்னா அவ இந்த ஊட்டுக்குத் திரும்ப மாட்டா. கடேசி வரைக்கும் நானும் இந்தப் பிரிட்ஜும் தான். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலை.

இலங்கை ரோசனை பேக்கரியில வந்துச்சுங்க. அங்க டீக்கு வர்ற ஒருத்தரு குடும்பத்தோட இலங்கை போயிட்டு வந்திருந்தாரு. வேன் வெச்சிருக்கற ஒரு டிரைவரு, தமிழ்க்காரரு, தங்கமான ஆளு, எங்க நிறுத்தோணும் எங்க வேண்டாம்னு முன்னாடியே போன்ல பேசி முடிவு பண்ணிக்கலாம்னு சொன்னாரு. கூடவே இன்னொன்னும் சொன்னாரு. மெல்போர்ன்ல இருந்து கொழும்புக்கு நேரா பிளேன் இருக்குதாம்.

எனக்கு டக்குனு பிடிபட்டுச்சு. அவ அங்கிருந்து வரட்டும், நான் இங்கிருந்து போறேன். நடுவுல இருக்கற தீவுல ரெண்டு பேரும் ஒட்டுக்கா சுத்திட்டு, அங்கிருந்து ஒட்டுக்கா ஊருக்கு வந்துரலாம். ஏர்போர்ட்டுல ஏம் பக்கத்துல நிக்கறப்ப, நான் மெல்போர்ன் போறேன்னு அவளால சொல்ல முடியுமா? முடியாதுன்னு நெனச்சேன். போதாததுக்கு அங்க கதிர்காமம் வேற இருக்குது. பல வருசத்துக்கு முன்னால சென்னிமலைப் படியேறறப்ப மூச்சு வாங்க நின்னு, "கதிர்காமத்து முருகன ஒருக்காப் பாத்துப்போட்டா போதும் கண்ணு"ன்னு பொண்ணுகிட்டச் சொன்னா. எனக்கும் காதுல உழுந்துச்சு. உழுந்த எடத்துலயே கெடந்துச்சு.

கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து டிக்கெட் போட்டேன். எனக்குப் போக வர. அவளுக்கு மெல்போர்ன்ல இருந்து கொழும்பு, கொழும்புல இருந்து திருச்சி. திரும்பிப் போற டிக்கெட் போடலை. அத யாருகிட்டயும் மூச்சு விடலை. மெயில் ஐடி கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே மெயில் ஐடி பொண்ணோடது, அதையே குடுத்துட்டு வந்துட்டேன். எத்தாப் பெரிய புத்திசாலி பாருங்க நானு!

பொண்ணு சந்தோசமா வாட்சப்புல ஒரு குரூப் ஆரம்பிச்சுக் குடுத்துச்சு. நானு, அவ, டிரைவர் தம்பி, மூணே பேரு. "எங்க எங்க போகோணும்னு நீங்களே பேசிக்குங்க, எனக்கு ஆபீஸ் வேலை தலைக்கு மேல கெடக்குது"ன்னு அது வெளிய போயிருச்சு.

மொத நாள் தம்பி வாய்ஸ் போட்டாரு. "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. ஏர்போட்டுல இருந்து நேரா கதிர்காமம் போனா தூரம் கூட. அதனால காலிங்கற ஊர்ல ஒரு ராத்திரி கடல் பக்கமாத் தங்குவோம். அங்கிருந்து கதிர்காமம். அப்புறம் மலைக்கு ஏறுவோம். பின்னேரத்துல மழை வரும், அதனால காலையிலேயே வெளிக்கிடணும். சிகிரியா மலைக்குப் போறதா இருந்தா சொல்லுங்க, படி நிறைய இருக்கு." சாயங்காலத்தத்தான் பின்னேரம்ங்கறாரு. கேக்க நல்லாருந்துச்சு.

நான் பதில் போட்டேன். தறிக்காரன் தொண்டைங்க இது, மெதுவாப் பேச வராது. "தம்பி, அவங்களுக்கு முட்டி வலி. படியிருக்கற எடமெல்லாம் எடுத்துப்போடுங்க. சிகிரியா வேண்டாம். நகைக்கடை, கல்லுக்கடை, மூலிகைத் தோட்டம்னு கொண்டுபோயி நிறுத்துனீங்கன்னா நான் எறங்கி நடந்தே வந்துருவேன், ஆமா."

கொஞ்ச நேரத்துல அவ குரல் வந்துச்சு. "ஏனுங் தம்பி, அவருக்குப் போகோணும்னு இருந்தா சிகிரியா போகட்டுமுங்க. சின்ன வயசுல இருந்தே மலையேறறதுன்னா அவருக்கு ஆசை. அவரை ஜன்னலோரமா உக்கார வைங்க தம்பி, நடுவுல உக்காந்தா அவருக்கு வாந்தி வந்துரும், வெக்கப்பட்டுட்டுச் சொல்ல மாட்டாரு."

நான் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பஸ்ஸுல போறப்பல்லாம் இவ மளார்னு முன்னால ஏறி ஜன்னல் சீட்டப் புடிச்சு வெச்சுட்டு, நான் வந்ததும் நகந்துக்குவா. காத்து வாங்கறதுக்குப் புடிக்கறா, அப்பறம் வெயிலு பட்டுதுன்னு நகர்றான்னு தான் இத்தன வருசம் நெனச்சுட்டிருந்தேன்.

அதுக்கப்பறம் தெனமும் அதே வேலைதானுங்க. காத்தால எந்திரிச்சதும் போனப் பாப்பேன். தம்பி ஒரு எடத்தச் சொல்லுவாரு. அவ தம்பிகிட்ட ஒன்னு சொல்லுவா, நான் தம்பிகிட்ட ஒன்னு சொல்லுவேன். யானை குளிக்கற எடத்துக்குப் போலாமான்னு தம்பி கேட்டா, "அவரு யானையக் கண்டா பயப்படுவாரு, வெளிய காட்டிக்க மாட்டாரு"ங்கறா. "எனக்கென்ன பயம்? அவங்கதான் மருதமலையில யானையப் பாத்து ஓடுனாங்கன்னு சொல்லுங்க தம்பி"ங்கறேன் நானு. தம்பி கெக்கெக்கேன்னு சிரிச்சு வாய்ஸ் போடுவாரு. கொழும்புல துணிக்கடைக்குப் போலாம்னு அவ சொன்னா, "துணி நெய்யறவன் ஊட்டுக்காரிக்கு ஊர் ஊராப் போயித் துணி வாங்கோணுமா"ன்னு நான் கடிப்பேன். ரெயில்ல போற வழி ஒன்னு இருக்குது, தேயிலைத் தோட்டத்து நடுவுல போகும்னு சொன்னாரு. ரெண்டு பேரும் அதுக்கு மட்டும் ஒரே மாதிரி சரீன்னு சொல்லிட்டோம். அன்னிக்கு எனக்குத் தல காலு புரியலைங்க.

ஒரு நாள் தம்பியே கேட்டுட்டாரு. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இத நீங்க அம்மாகிட்ட நேராவே கேட்டுரலாமே?"

"அது பழக்கமில்லீங் தம்பி"ன்னேன்.

தம்பிக்குப் பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஊடு. போற வழிதான், ஒரு நாள் மத்தியானம் எங்க ஊட்டுல சாப்பிடணும், அதையும் ஒரு ஸ்டாப்பாப் போட்டுக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அதுக்கு இவ நீளமா ஒரு வாய்ஸ் போட்டா. அரிசியும்பருப்பு செய்யற பக்குவம். "உங்க ஊட்டு அம்மிணிகிட்டச் சொல்லுங்க தம்பி. துவரம்பருப்ப ஊற வெச்சுக்கோணும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமொளகாய். வெங்காயத்த நறுக்க வேண்டாம், அப்படியே முழுசாப் போடுங்க, அவருக்கு அதுதான் புடிக்கும். தொட்டுக்கத் தயிரு போதும். நெய்யி கேப்பாரு. கேட்டாலும் ஊத்தாதீங்க. டாக்டரு வேண்டாம்னுட்டாரு."

அப்ப ஒரு நிமிசம் தோணுச்சுங்க. இவதான் கூட இருக்கப் போறாளே, நெய்ய ஊத்த வேண்டாம்னு பக்கத்துல உக்காந்து கண்ணக் காட்டுனாப் போதுமே, எதுக்கு முன்னப் பின்ன பாக்காத டிரைவர் ஊட்டுக்கு இத்தன வெவரம்னு. தோணுச்சு, அப்படியே விட்டுட்டேன். மனசு குளுந்து கெடக்கறப்ப எதத் தோண்டிப் பாக்கறோம்?

கெளம்பறதுக்குக் கொஞ்ச நாள் இருக்கறப்ப, பொழுதோட பேக்கரியில நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன். என்ற போன் எப்பவும் முழுச் சத்தத்துலதான் இருக்கும். குரூப்புல அவ வாய்ஸ் வந்துச்சு. ஆசையா அங்கயே அமுத்திக் கேட்டேன்.

"தம்பி, நல்லாருக்கறீங்களா. ரூமெல்லாம் ஒரு ஆளுக்கே போட்டுருங்க. நான் வரலீங்க. அவரு மட்டுந்தான் வாராரு. அவருக்குக் காது மந்தமுங்க, சத்தமாச் சொல்லுங்க. வெடுக்குனு கோவிச்சுக்குவாரு, அத மனசுல வெச்சுக்காதீங்க. பாத்துக்குங்க தம்பி."

பஜ்ஜி போடறவரு கரண்டியத் தூக்கினபடியே நிக்கறாரு. எனக்கு மூஞ்சி சுட்டுது. இத்தன பேருக்கு முன்னால, அதுவும் எனக்கில்ல, டிரைவருக்குச் சொல்றா. இலங்கை நாயத்த அங்க தெனமும் அளந்தவன் நானு. முதலாளி மட்டும் ஒன்னும் கேக்காத மாதிரி, "இன்னொரு டீ போடட்டுங்களா?"ன்னாரு. நான் போன வாய்கிட்டக் கொண்டுபோயி, "சரிங்க தம்பி, ஒரு ரூமே போடுங்க"ன்னு குரூப்புல சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். அவ்வளவுதான் நான் அவளுக்குச் சொன்ன பதிலு.

பொண்ணக் கூப்பிட்டுக் கத்துனேன். அது பொறுமையாக் கேட்டுச்சு. "அப்பா, டிக்கெட் மெயில் எனக்குத்தான் வந்துச்சு. அம்மாவுக்குத் திரும்பற டிக்கெட்ட நீங்க திருச்சிக்குப் போட்டிருக்கீங்க. அன்னிக்கே அம்மா பாத்துட்டாங்க. வந்தா உங்ககூட ஊருக்குப் போகாம இருக்க முடியாதுன்னு அவங்களுக்குப் பயம்." "அன்னிக்கேவா? அப்பறம் எதுக்கு இத்தன நாளு எடம் எடமாப் பேசுனா?" அதுக்குப் பொண்ணு, "அம்மாகிட்டக் குடுக்கட்டுமாப்பா?"ன்னு கேட்டுச்சு. வேண்டாம்னு வெச்சுட்டேன்.

போகாம இருந்திருக்கலாம். ஆனா ரோசம் விடலீங்க. இவ வரலீன்னா ஊட்டுல மொடங்கிக் கெடப்பான்னு நெனச்சாளா? துணி ரெண்ட மடிச்சுப் பைக்குள்ள போட்டுட்டுக் கெளம்பிட்டேன்.

தம்பி நல்ல மனுசனுங்க. கறுத்து மெலிஞ்ச ஆளு, சிரிச்ச மொகம். வேன் கதவத் தொறந்து ஜன்னலோர சீட்டக் காட்டுனாரு. சீட்டுப் பையில இஞ்சி மிட்டாய் இருந்துச்சு. "மலைப்பாதைக்கு, அம்மா சொன்னாங்க." வழியில டீக்கடையில நிறுத்தி, சக்கரை இல்லாம ஒன்னு வாங்கிட்டு வந்தாரு. "அம்மா சொன்னாங்க ஐயா." காலியில ரூமுக்கு வந்து கட்டலுக்குப் பக்கத்துல சொம்புத் தண்ணி வெச்சாரு. அதுக்கும் அம்மா சொன்னாங்க. கடலப் பாத்துட்டு உக்காந்திருந்தப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இத்தன நாளும் அவ எடம் பாக்கலீங்க. ஆளு பாத்திருக்கறா. என்னையக் கையில புடிச்சுக் குடுக்கறதுக்கு ஒரு ஆளு.

காலிக் கோட்டைச் சுவத்து மேல புருசம் பொண்டாட்டியா நடக்கறாங்க. ஐஸ் விக்கறவன் என்கிட்ட வந்து ரெண்டு வேணுமான்னு வெரல்ல காட்டுனான். ஒன்னும் வேண்டாம் போடான்னுட்டேன். பாவம், அவனுக்குத் தமிழ் தெரியாது. என்ற மூஞ்சியப் பாத்துட்டுப் போயிட்டான்.

கதிர்காமத்துல ஆத்துல முங்கித் தண்ணி வாத்துட்டு, பழத்தட்ட எடுத்துக்கிட்டு கூட்டத்தோட போனேன். எல்லாரும் கையக் கூப்பி நிக்கறாங்க. நானும் எக்கி எக்கிப் பாக்கறேன், ஒரு திரைதான் தொங்குது. மயிலு மேல முருகன், ரெண்டு பக்கமும் வள்ளி தெய்வானை, எல்லாம் அந்தத் துணியில வரைஞ்சது. திரைய எப்பத் தம்பி தொறப்பாங்கன்னு கேட்டேன். "தொறக்க மாட்டாங்க ஐயா. சாமி உள்ளுக்குத்தான். நாம இங்க நின்னு சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போறதுதான்."

"இவ்வளவு தூரம் வந்ததுக்கு மொகத்த ஒருக்காக் காட்டுனா என்ன கொறஞ்சா போயிரும்?" தறிக்காரன் தொண்டைங்க. முன்னால நின்ன நாலஞ்சு பேரு திரும்பிப் பாத்தாங்க. தம்பி என்ற தோளத் தொட்டு வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு. முருகனத் திட்டுனனா இல்ல வேற யாரையாச்சும் திட்டுனனான்னு எனக்கே தெரியலை.

ஆத்தங்கரையில மருத மரத்தடியில உக்காந்தேன். தம்பிய டீக்கு அனுப்பிப்போட்டு போன எடுத்தேன். குரூப்புக்குப் போகலை. அவ நம்பரத் தனியா எடுத்தேன். அமுத்துனேன், வாயத் தொறந்தேன், என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியலீங்க. பொண்ணு பொறந்ததுல இருந்து அவள நான் எதுஞ் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஒருக்கா அமுத்தி அழிச்சேன், மறுக்கா அமுத்தி அழிச்சேன். கடேசியில, "ஏ புள்ள"ன்னுட்டேன். கண்ணாலமான புதுசுல கூப்பிட்டது. "ஏ புள்ள, நாந்தான் பேசறேன். கதிர்காமத்துல இருக்கறேன். நீ பாக்கோணும்னு சொன்ன எடம். எனக்கு அந்த ஊட்டுல ஒத்தையில இருக்க முடியலை. சோறு எறங்கலை. வந்துரு." அனுப்பிட்டு, போனச் சட்டைப் பைக்குள்ள போட்டேன்.

அடுத்த நாள் மலைக்கு ஏறுனோம். போன மடியிலயே வெச்சிருந்தேன். கேட்டுட்டாங்கறதுக்கு அடையாளமா நீலக் கோடு விழுந்திருச்சு. பதிலக் காணோம். ரோட்டோரமாவே பெரிய அருவி ஒன்னு கொட்டுது, நாங்க மூணு பேரும் பேசி வெச்ச ஸ்டாப்பு அது. அவ தான், "அங்க படி இல்ல, நானும் எறங்கறேன்"னு தம்பிகிட்டச் சொல்லியிருந்தா. தம்பி நிறுத்துனாரு. "பரவால்ல தம்பி, போலாம்"னேன்.

தம்பி ஊடு தேயிலைச் சரிவுல வரிசையாக் கட்டுன ஊடுகள்ல ஒன்னு. வாசல்லயே குக்கர் ஆவி மணத்துச்சு. பூண்டும் சின்ன வெங்காயமும் வேகற மணம். அட, எங்க ஊட்டு மணமுங்க அது! அந்த அம்மிணி, "வாங்க ஐயா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டு உள்ள போச்சு. செருப்பக் கழட்டறேன், போன் அதுருது. அவதான். எனக்குத் தனியா. குரூப்புல இல்ல.

அப்படியே திரும்பி ஊட்டுக்குப் பக்கவாட்டுல போயி, சத்தத்தக் கொறைச்சு, நல்ல காதுல வெச்சுக் கேட்டேன்.

"ஏனுங்க. நீங்க நேராக் கேட்டதால நானும் நேராவே சொல்லிப்போடறேன். நான் வரலீங்க. இங்க பார்க்குல நாலு பேரு கூட உக்காந்து நாயம் பேசறேன். ஒருத்தி தெலுங்குக்காரி, ஒருத்தி பஞ்சாபி, எனக்கு அவங்க பாசையே தெரியாது. ஆனா எம் மூஞ்சியப் பாத்துப் பேசறாங்க. உங்களுக்கு ரெண்டு வருசமாப் பேச ஆளில்ல. எனக்கு அந்த ஊட்டுல முப்பது வருசமா இல்லீங்க. உங்க மேல கோவமில்ல. சாப்புடுங்க."

மறுபடியும் கேட்டேன். கோவத்துல திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். அவ திட்டலை. அழவும் இல்ல. சந்தையில காய் என்ன வெலைன்னு சொல்ற மாதிரி நெதானமாச் சொல்லியிருக்கறா. இத்தன வருசத்துல என்கிட்ட அவ இவ்வளவு நேரம் பேசுனது இதுதான் மொத தடவை. பேசுன மொதப் பேச்சுலயே வரலைன்னு சொல்லிட்டா. சரிவுல கொழுந்து பறிக்கற பொம்பளைக சத்தமாப் பேசிச் சிரிச்சிட்டிருந்தாங்க, நான் கண்ணத் தொடைக்கறத யாரும் பாக்கலை.

"ஐயா, சாப்பாடு ஆறுது"ன்னு தம்பி கூப்பிட்டாரு.

போயி உக்காந்தேன். தட்டுல ஆவி பறக்க அரிசியும்பருப்பு. சின்ன வெங்காயம் முழுசு முழுசாக் கெடந்துச்சு. ஒரு வாய் வெச்சேன். அவ கையி அப்படியே இருக்குதுங்க, அந்த அம்மிணி அவளப் பாத்ததே இல்ல. மெல்ல மெல்ல உண்டேன். பாதியில, "அம்மிணி, சித்த நெய்யி இருந்தா ஊத்துங்க"ன்னேன். அது தம்பி மொகத்தப் பாத்துச்சு. தம்பி கீழ குனிஞ்சுட்டு, "அம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க ஐயா"ன்னாரு.

"சரீங்"ன்னுட்டு மிச்சத்தயும் உண்டேன். ரெண்டு வருசத்துல தட்டுல மீதி வெக்காம உண்டது அன்னிக்குத்தான்.

கை கழுவிட்டு வர்றப்ப தம்பி போனக் கையில வெச்சுட்டு நின்னாரு. "ஐயா சாப்பிட்டாரான்னு அம்மா கேப்பாங்க. சாப்பிட்டாருன்னு குரூப்புல சொல்லிரட்டா ஐயா?"

"வேண்டாங் தம்பி. நானே சொல்லிக்கறேன்."

வெளிய வந்து அவ நம்பர எடுத்தேன். என்னென்னமோ சொல்லோணும்னு இருந்துச்சு. நீ வரலீன்னா நான் வரட்டுமான்னு கேக்கோணும்னு கூட வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தக் குளுரும், பேக்கரி இல்லாத ரோடும் கண்ணு முன்னால வந்து நின்னுது. அமுத்துனேன்.

"ஏ புள்ள, உண்டுட்டேன்"னு சொன்னேன். "நெய்யி ஊத்தலை."